நிலநடுக்கத்தின் முன்னறிகுறிகள்: மின்காந்தச் சமிக்ஞை பற்றிய ஆய்வு வரலாறும் கண்டி அயற்புல அனுபவமும்

2020ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் 29ஆம் திகதி இரவு, கண்டி மாநகருக்குக் கிழக்கேயுள்ள திகன, ஹாரகம, அநுரகம முதலிய ஊர்களில் வாழ்ந்தோர் நிலத்தடியிலிருந்து எழுந்த பேரோசை ஒன்றினைக் கேட்டனர். அதனோடு நிலமும் ஒருகணம் அதிர்ந்தது. கற்குழி எதிலேனும் வெடி வைத்தனரோ என்று முதலில் ஐயுற்றோர் பலர். செப்டெம்பர் மாதத் தொடக்கத்தில் மீண்டும் ஓர் அதிர்வு ஏற்பட்டது. நவம்பரிலும் டிசம்பரிலும் அது தொடர்ந்தது. நவம்பர் 18ஆம் திகதி காலையில் உணரப்பட்ட அதிர்வு றிக்ரர் அளவில் 2 அளவினது. உலக நிலநடுக்கங்களின் வரிசையில் வைத்து நோக்கின் இவை மிகச் சிறியன. எண்ணிக்கையிற் கூடச் சேராதன. ஆயினும் தம் காலடி நிலம் அசையாதது என்று தலைமுறை தலைமுறையாக நம்பி வாழ்ந்த மக்களுக்கு அவை சிறியனவாயிருக்கவில்லை. விக்ரோறியா அணைக்கட்டும் அதன் பெருநீர்த்தேக்கமும் அவ்வூர்களுக்கு அண்மையில் இருந்தமை அச்சத்தைப் பன்மடங்காக்கியது. இதனிலும் பெரிய அதிர்வு ஒன்று வருமா? வருமாயின் அதனை முன்கூட்டி அறிய வழியுண்டா? இவ்விரு வினாக்களும் அக்காலை எழுந்தன.

இவற்றுள் இரண்டாவது வினாவுக்கு விடைகூற முயன்ற ஆராய்ச்சி முயற்சிகள் பல. அவற்றுள், பெரும் நிலநடுக்கங்களுக்கு முன்னர் நிலத்திலிருந்து மின்சமிக்ஞைகளும் காந்தச் சமிக்ஞைகளும் வெளிப்படுகின்றன என்னும் கொள்கை நீண்ட வரலாறுடையது. சர்ச்சை மிக்கதும் அதுவே. அக்கொள்கையின் வரலாற்றைக் கண்டி அயற்புலத்தின் அனுபவத்தோடு இணைத்து நோக்குவது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இலங்கை நிலநடுக்கத்துக்கு அப்பாற்பட்ட நாடு என்னும் எண்ணம் முற்றும் ஆதாரமற்றதன்று. இத்தீவு புவியோட்டுத் தட்டுகளின் எல்லைகளிலிருந்து தொலைவில், பழமை வாய்ந்த உறுதியான பாறைத்தொகுதியின் மீது அமைந்துள்ளது. எனினும் விதிவிலக்குகள் உள. 1615ஆம் ஆண்டு ஏப்ரல் 14ஆம் திகதி கொழும்பை ஒரு நிலநடுக்கம் தாக்கியதாகப் போர்த்துக்கேயர் காலத்துச் சிறுநூலொன்று கூறும். இருநூறு வீடுகள் அழிந்தன என்றும், ஈராயிரவர் மாண்டனர் என்றும் அதன்வழி வந்த பட்டியல்கள் குறிக்கும். இவ்வெண்களை ஆய்வாளர் இன்று ஐயத்தோடே நோக்குவர். அக்காலத்து அச்சுநூல்கள் அற்புதச் செய்திகளை விரும்பி வெளியிட்டமை அறிந்ததே. அழிவு எத்தகையதாயினும், ஒரு நிகழ்ச்சியின் அளவை அதனைக் கண்டோரின் அச்சத்திலிருந்து மட்டும் கணிக்க முடியாது என்பதற்கு 1615 ஒரு தக்க சான்று. முன்னறிகுறிகளின் வரலாறு முழுவதிலும் இவ்விடர்ப்பாடு தொடர்ந்து வருகின்றது.

பெருங்கேடுகளுக்கு முன் இயற்கை குறிகாட்டும் என்னும் நம்பிக்கை நம்மவர்க்குப் புதிதன்று. கேடுகாட்டும் குறிகளை உற்பாதம் என முன்னோர் வழங்கினர். ஆறாம் நூற்றாண்டினரான வராகமிகிரர் தமது பிருகத் சங்கிதையில் நிலநடுக்கத்துக்கென ஓர் அத்தியாயத்தையே ஒதுக்கினார். வாயு, அக்கினி, இந்திரன், வருணன் என நான்கு வகையாக நிலநடுக்கங்களைப் பகுத்து, ஒவ்வொன்றுக்கும் உரிய குறிகளை அவர் விரித்துரைத்தார். இதனை மூடநம்பிக்கை என ஒரு சொல்லால் ஒதுக்குவது வரலாற்று மாணவர்க்கு அழகன்று. காரணம் பிழையாயினும், நிகழ்ச்சிக்கு முன்னுள்ள நிலையை உற்றுநோக்கி வகைப்படுத்தவேண்டும் என்னும் எண்ணம் அங்கு உண்டு. குறி தோன்றியும் நிலம் நடுங்காத நாட்கள் எத்தனை என்ற கணக்கு மட்டும் அங்கு இல்லை.

காந்தத்தை நிலநடுக்கத்தோடு தொடர்புபடுத்தும் கதைகளுள் பெயர்பெற்றது யப்பானுக்குரியது. இன்று ரோக்கியோ எனப்படும் ஏடோ நகரை 1855ஆம் ஆண்டில் கடும் நிலநடுக்கம் ஒன்று தாக்கியது. அந்நகரின் மூக்குக்கண்ணாடிக் கடையொன்றில் காட்சிக்கு வைக்கப்பட்டிருந்த பெரிய காந்தக்கல்லில் ஒட்டியிருந்த இரும்பாணிகள், நடுக்கத்துக்கு ஏறத்தாழ இரண்டு மணித்தியாலங்களுக்கு முன்னர் தாமாகவே கீழே விழுந்தன என்றும், நடுக்கம் ஓய்ந்தபின் காந்தம் தன் ஆற்றலை மீளப்பெற்றது என்றும் அக்காலத்து ஏடு ஒன்று கூறும். இச்செய்தியை அடியாகக் கொண்டு, காந்தத்திலிருந்து ஆணி விழுந்தால் மணி ஒலிக்கும் எச்சரிக்கைக் கருவி ஒன்றும் வகுக்கப்பட்டது. கதை சுவையானதே. ஆனால் புவியின் காந்தப்புலம் ஒரு காந்தக்கல்லின் ஈர்ப்பை அழிக்குமளவுக்கு மாறியிருப்பின் நகரிலிருந்த திசையறிகருவிகள் எல்லாம் நிலைகுலைந்திருக்க வேண்டுமன்றோ? அக்கடையொன்றில் மட்டும் அது நிகழ்ந்ததெனக் கொள்வது அரிது. மேலும், கதை நடுக்கத்தின் பின்னரே எழுதப்பட்டது என்பது நோக்கற்பாலது.

கதைகளின் இடத்தைக் கருவிகள் பிடித்தது பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலேயே ஆகும். 1876இல் யப்பானுக்குச் சென்ற யோன் மில்ன் என்னும் ஆங்கிலேயர் நிலநடுக்கப் பதிகருவியை வளர்த்தெடுத்தவர்களுள் ஒருவர். நிலநடுக்கத்தோடு தொடர்புடைய மின், காந்த நிகழ்வுகளைப் பற்றிய செய்திகளையும் அவர் தொகுத்து ஆராய்ந்தார். இந்தியாவில் பம்பாயின் கொலாபா அவதான நிலையம் அந்நூற்றாண்டின் நடுப்பகுதியிலிருந்து புவிக்காந்தத்தைப் பதிந்து வந்தது. பம்பாயில் மின்சாரத் திராம் வண்டிகளை ஓட்டும் திட்டம் எழுந்தபோது, அவற்றின் மின்னோட்டம் காந்தப் பதிவுகளைக் கெடுத்துவிடும் என்றஞ்சி, நகரிலிருந்து விலகிய அலிபாக் என்னும் ஊரில் 1904இல் புதிய நிலையம் அமைக்கப்பட்டது. சிறியதாகத் தோன்றும் இந்நிகழ்ச்சி இத்துறையின் தலையாய இடர்ப்பாட்டை முன்கூட்டிக் காட்டிவிட்டது எனலாம். மெல்லிய சமிக்ஞையைத் தேடுவோன், மனிதன் எழுப்பும் இரைச்சலை முதலில் விலக்கியாக வேண்டும்.

இருபதாம் நூற்றாண்டில் இம்முயற்சி பொதுமக்கள் இயக்கமாகவே மாறியது சீனாவில் ஆகும். பாடசாலைகளிலும் தொழிற்சாலைகளிலும் மக்கள் நிலத்தில் மின்வாய்களைப் புதைத்து நிலமின்னோட்டத்தை அளந்தனர். 1975ஆம் ஆண்டு பெப்ருவரி 4ஆம் திகதி ஹைச்செங் நகரை 7.3 அளவினதான நடுக்கம் தாக்குமுன் மக்கள் வெளியேற்றப்பட்டனர், ஆயிரக்கணக்கானோர் உயிர்தப்பினர். அவ்வெற்றியில் நிலமின்னோட்டத்தின் பங்கு யாது? அதற்கு முன்னர் அடுத்தடுத்து நிகழ்ந்த சிறு அதிர்வுகளே மக்களையும் அதிகாரிகளையும் விழிப்பித்தன எனப் பின்வந்த ஆய்வுகள் காட்டின. அடுத்த ஆண்டு யூலை 28இல் தங்ஷான் நகர் அத்தகைய முன்னதிர்வு எதுவுமின்றி நள்ளிரவு கடந்த வேளையில் அழிந்தது. அரசு வெளியிட்ட கணக்கின்படியே ஏறத்தாழ 2,42,000 பேர் மாண்டனர்.

கிறீஸ் நாட்டிலே வரோட்சோஸ், அலெக்சோபூலோஸ், நோமிக்கோஸ் ஆகிய மூவர் 1981ஆம் ஆண்டளவில் நிலத்தில் தோன்றும் மின்னழுத்த வேறுபாடுகளைக் கொண்டு எதிர்வுகூறத் தொடங்கினர். அவர்தம் பெயர்களின் முதலெழுத்துக்களால் அம்முறை வான் முறை எனப்படுகின்றது. எதிர்வுகூறல்களைப் பின்னர் மறுக்கவியலாதவாறு, அவர்கள் அவற்றைத் தந்திமூலம் முன்கூட்டியே அனுப்பினர். வாதத்தை நேர்மையாக நடத்தும் அம்முயற்சி பாராட்டத்தக்கது. ஆயின் கூறப்பட்ட இடமும் காலமும் அளவும் அகன்ற எல்லைகளுக்குள் அமைந்தன. நடுக்கம் மிகுந்த கிறீஸ் போன்ற நாட்டில் அத்தகைய எல்லைகளுக்குள் ஏதேனுமொரு நடுக்கம் தற்செயலாகவே நிகழ்வது எளிது. 1995இல் இலண்டனில் கூடிய அறிஞர் மாநாடும், அதனையடுத்து எழுந்த வாதங்களும் இப்புள்ளியைச் சுற்றியே அமைந்தன. அவ்வாதத்தில் இருசாராரும் இணங்கவில்லை.

இத்துறையினர் அனைவரும் எடுத்துக்காட்டும் நிகழ்ச்சி 1989ஆம் ஆண்டு ஒக்டோபர் 17ஆம் திகதி கலிபோர்னியாவின் லோமா பிறீற்றாவில் ஏற்பட்ட 6.9 அளவினதான நிலநடுக்கமாகும். ஸ்ரான்போட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த அன்ரனி பிறேசர் சிமித் கொறலிற்றோஸ் என்னுமிடத்தில் ஒரு காந்தமானியை நிறுவியிருந்தார். நிலநடுக்கத்தை எதிர்பார்த்து அது அங்கு வைக்கப்படவில்லை. மிகத்தாழ்ந்த மீடிறனையுடைய இயற்கைக் காந்த இரைச்சலை அளப்பதே அதன் பணி. நடுக்கத்தின் மையம் அதிலிருந்து ஏறத்தாழ 7 கிலோமீற்றர் தொலைவில் அமைந்தது தற்செயலே. பின்னர் பதிவுகளை ஆராய்ந்தபோது, ஒக்டோபர் 5ஆம் திகதியளவில் இரைச்சல் உயரத் தொடங்கியமையும், நடுக்கத்துக்கு ஏறக்குறைய மூன்று மணித்தியாலங்களுக்கு முன்னர் 0.01 ஹேட்ஸ் மீடிறனில் அது வழமையிலும் பன்மடங்காக எழுந்தமையும் காணப்பட்டன. ஆய்வுலகம் பரபரப்படைந்தது. எதிர்பாராத இடத்திலிருந்து, எந்தக் கொள்கையையும் நிறுவும் விருப்பமின்றி எடுக்கப்பட்ட பதிவு என்பதே அதன் பெருமை.

அப்பதிவின் பின்வரலாறும் அதேயளவுக்கு அறியத்தக்கது. கலிபோர்னியாவின் பாக்பீல்ட் பகுதியில் 2004ஆம் ஆண்டு செப்டெம்பரில் 6.0 அளவினதான நடுக்கம் நிகழ்ந்தது. இவ்விடம் பல்லாண்டுகளாகக் கருவிகளால் நிறைக்கப்பட்டு, நடுக்கத்துக்காகவே காத்திருந்த இடம். ஆயினும் காந்தமானிகள் முன்கூட்டி எதையும் உணர்த்தவில்லை. 2009இல் தோமஸ், லவ், யோன்ஸ்ரன் ஆகியோர் கொறலிற்றோஸ் பதிவை வேறு நிலையங்களின் அதேகாலப் பதிவுகளோடு ஒப்பிட்டனர். அவர்தம் முடிவின்படி, அவ்விரைச்சல் நிலத்திலிருந்து எழுந்ததன்று. கருவியின் கோளாறாகவே இருத்தல் கூடும். இருபது ஆண்டுகள் ஒரு துறையின் தூணாக நின்ற பதிவு இவ்வாறு அசைந்தது. ஒரேயொரு கருவி, ஒரேயொரு நடுக்கம் என்பதே அதன் பலவீனம்; அருகில் இரண்டாவது காந்தமானி ஒன்று இருந்திருப்பின் வாதம் அன்றே தீர்ந்திருக்கும்.

செய்மதிகளும் இத்தேடலில் ஈடுபடுத்தப்பட்டன. பிரான்சு 2004இல் ஏவிய டெமீற்றர், சீனா 2018இல் ஏவிய சாங்ஹெங் ஆகியன அயன்மண்டலத்தை ஆராய்ந்தன. டெமீற்றர் தந்த ஆயிரக்கணக்கான பதிவுகளைச் சராசரி கண்டபோது, நடுக்கங்களுக்குச் சில மணித்தியாலம் முன்னர் இரவுவேளை அலைகளின் வலு சிறிதளவு குறைவதாகப் புலப்பட்டது. சராசரியிலே தோன்றும் இம்மாற்றம், குறித்த ஒரு நடுக்கத்தை முன்னறிவிக்கப் போதாது.

அவ்வாறாயின் பாறை மின்சமிக்ஞையை வெளியிடுதல் இயலாத செயலா? அன்று. குவாட்ஸ் போன்ற படிகங்கள் நெருக்கப்படும்போது அவற்றில் மின்னேற்றம் தோன்றும் என்பதை 1880இல் கியூரி சகோதரர் கண்டறிந்தனர். பாறையின் நுண்டுளைகளூடாக நீர் பாயும்போதும் மின்னழுத்த வேறுபாடு உண்டாகும். அழுத்தத்துக்குள்ளாகும் தீப்பாறைகளில் மின்னேற்றக் காவிகள் விடுபட்டு நகர்வதை ஆய்வுகூடத்தில் காட்டியோரும் உளர். கண்டியைச் சூழ்ந்த மலைநாட்டுத் தொகுதிப் பாறைகளிலே குவாட்ஸ் தாராளமாக உண்டு. நீர் ஊறும் வெடிப்புகளும் உண்டு. எனவே மூலப்பொருள் குறித்து ஐயமில்லை. ஆய்வுகூடத்தில் ஒரு கற்றுண்டில் தோன்றும் மின்னேற்றம், பல கிலோமீற்றர் ஆழத்திலிருந்து ஈரப்பாறையைக் கடந்து மேற்பரப்பை எட்டுமா என்பதே வினா. நீர் செறிந்த பாறை மின்னைக் கடத்தும். கடத்தும் ஊடகமோ உயர்மீடிறன் அலைகளை விழுங்கிவிடும். மிகத்தாழ்ந்த மீடிறனே வெளிவரக்கூடும் என்பதாலேயே ஆய்வாளர் அதனை நாடினர்.

இனித் திகன அதிர்வுகளுக்கு மீள்வோம். அவற்றின் காரணம் குறித்துப் பல கருத்துக்கள் கூறப்பட்டன. அப்பகுதியில் சுண்ணக்கற் படைகள் உள்ளமையால் நிலத்தடிக் குழிகள் சரிந்திருக்கலாம் என்றனர் சிலர். கல்லகழ்தலைக் குறைகூறினர் வேறு சிலர். விக்ரோறியா நீர்த்தேக்கத்தை நோக்கி விரல்நீட்டியோரும் பலர். மகாவலி துரித அபிவிருத்தித் திட்டத்தின்கீழ் பிரித்தானிய உதவியுடன் அமைக்கப்பட்டு 1985 ஏப்ரலில் திறந்துவைக்கப்பட்ட அவ்வணை 122 மீற்றர் உயரமானது. அதன் நீர்த்தேக்கம் 72 கோடி கனமீற்றருக்கு மேற்பட்ட நீரைக் கொள்ளவல்லது. பழைய தெல்தெனிய நகரே அதனுள் ஆழ்ந்தது. பெருநீர்த்தேக்கங்களின் சுமையும், பாறையின் வெடிப்புகளில் ஊறும் நீரும் நடுக்கத்தைத் தூண்டக்கூடும் என்பதற்கு மகாராஷ்டிரத்துக் கொய்னா நன்கறியப்பட்ட சான்று. 1962இல் நீர் தேக்கப்பட்ட கொய்னாவில் 1967 டிசம்பரில் 6.3 அளவினதான நடுக்கம் ஏறத்தாழ 180 உயிர்களைக் கொண்டது. நடுக்கங்கள் அங்கு அரைநூற்றாண்டு கடந்தும் தொடர்ந்தன. ஆகவே அணை கட்டி முப்பத்தைந்து ஆண்டுகள் கழிந்துவிட்டன என்பது ஒன்றே விக்ரோறியாவை விடுவித்துவிடாது; கொய்னாவில் நிகழ்ந்தது இங்கும் நிகழும் என அதனைக் கொண்டு முடிவுகட்டுதலும் பொருந்தாது. கொய்னாவின் நிலப்பிளவும் மலைநாட்டின் பாறையமைப்பும் ஒன்றல்ல.

அத்தகைய ஐயத்தைத் தீர்க்க மின்காந்தச் சமிக்ஞை உதவியிருக்குமா? ஒரு சிறு கணக்கு இதனைத் தெளிவாக்கும். நிலநடுக்க அளவு ஒன்றால் உயர, வெளிப்படும் சக்தி ஏறத்தாழ முப்பத்திரண்டு மடங்காகும். அதன்படி 6.9 அளவினதான லோமா பிறீற்றா நடுக்கம், 2 அளவினதான திகன அதிர்வைக் காட்டிலும் இரண்டு கோடி மடங்குக்கு மேற்பட்ட சக்தியை வெளியிட்டது. அத்துணைப் பெரிய நடுக்கத்தின் குறியே கருவிக் கோளாறா எனச் சர்ச்சைக்குள்ளாகியிருக்க, திகன அதிர்வின் காந்தக் குறியைக் காணுதல் எங்ஙனம்? இலங்கைக்கே உரிய மற்றுமோர் இடர்ப்பாடும் உண்டு. காந்த மத்தியகோடு தென்னிந்தியாவின் தென்முனைக்கும் இலங்கைக்கும் அண்மையாகச் செல்கின்றது. அக்கோட்டின்மேல் அயன்மண்டலத்தில் பகல்வேளையில் வலிய மின்னோட்டம் ஒன்று பாய்கின்றது. நண்பகலில் அது நிலமட்டக் காந்தப்புலத்தை நூறு நனோதெஸ்லா அளவுக்கு உயர்த்தவல்லது. கொறலிற்றோஸில் கண்டதாகக் கூறப்பட்ட மாற்றமோ சில நனோதெஸ்லா அளவினதே. கண்டியில் காந்தமானி வைப்போர் கதிரவனின் இந்நாளாந்த விளையாட்டை முதலில் கழித்தாக வேண்டும். கண்டிப் புகையிரதப் பாதை மின்மயமாகாமை அவர்க்குச் சிறு நற்பேறு எனலாம்.

சமிக்ஞை இல்லை என்று மக்களுக்குச் சொல்வதிலும் ஆபத்துண்டு. இத்தாலியின் லாக்குயிலா நகரில் 2009ஆம் ஆண்டின் தொடக்கத்தில் சிறு அதிர்வுகள் மாதக்கணக்கில் தொடர்ந்தன. றேடன் வாயுவை அளந்த தொழினுட்பவியலாளர் ஒருவர் பெருநடுக்கம் வருமென்றார். அதிகாரிகளும் அறிஞரும் மக்களை அமைதிப்படுத்தினர். ஏப்ரல் 6ஆம் திகதி நடுக்கம் நிகழ்ந்தது. 300க்கு மேற்பட்டோர் மாண்டனர். அமைதிகூறிய எழுவர் 2012இல் குற்றவாளிகளாகத் தீர்க்கப்பட்டனர்; அவருள் அறுவர் 2014இல் மேன்முறையீட்டில் விடுவிக்கப்பட்டனர். றேடனைக் கொண்டு கூறிய எதிர்வுகூறல் இடத்திலும் நாளிலும் பொருந்தவில்லை என்பதும், அஞ்சவேண்டியதில்லை என்ற உறுதிமொழிக்கும் ஆதாரம் போதாது என்பதும் ஒருங்கே உண்மையாகும். திகன மக்கள் கேட்ட வினாவுக்கு விடைகூற முனைந்த எவரும் இவ்விரு பிழைகளுக்கும் இடையிலே நின்றுகொண்டுதான் பேசவேண்டியிருந்தது.

கண்டி மாவட்டத்துக்கு முன்னறிகுறி என்பது முற்றும் அந்நியமானதன்று. மண்சரிவு இங்கு அடிக்கடி உயிர்களைக் கொள்ளுகின்றது. தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் மழையளவைக் கொண்டே மண்சரிவு எச்சரிக்கை விடுக்கின்றது. 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றர் மழை பெய்தால் விழிப்புநிலை தொடங்கும். மழைநீர் மண்ணில் ஊறி அதன் பிடிப்பைத் தளர்த்துகின்றது என்னும் காரணத்தொடர் தெளிவானது. மழைமானியைத் தோட்டத் தொழிலாளரின் வரிசைவீடுகளுக்கு அருகிலும் நாட்டலாம். எச்சரிக்கை சிலவேளை பொய்க்கும். ஆயினும் பொய்த்ததை எண்ணலாம், திருத்தலாம். நிலநடுக்கத்தின் மின்காந்தக் குறிக்கு இன்னும் அத்தகைய காரணத்தொடரோ கணக்கோ வாய்க்கவில்லை.

திகனவுக்கு அருகிலுள்ள பல்லேகலையில் 2000ஆம் ஆண்டு முதல் உலகளாவிய நிலநடுக்க வலையமைப்பைச் சேர்ந்த பதிவுநிலையம் ஒன்று இயங்கி வந்துள்ளது. 2004 டிசம்பர் 26ஆம் திகதி அக்காலத்து இலங்கை நேரப்படி காலை 6.59 மணியளவில் சுமாத்திராவுக்கு அப்பால் நிலம் பிளந்தபோது, அதன் முதலலை சில நிமிடங்களில் பல்லேகலையை அடைந்தது. கடலலை கீழ்க்கரையை அடைய ஒன்றரை மணித்தியாலத்துக்கு மேல் சென்றது. அன்று வேண்டியிருந்தது நடுக்கத்துக்கு முந்திய நுண்ணிய மின்குறி அன்று. வந்துசேர்ந்த அதிர்வைப் படித்துக் கரையோரத்துக்குச் சொல்லும் ஏற்பாடே. அது இருக்கவில்லை. முப்பதாயிரத்துக்கு மேற்பட்டோர் இத்தீவில் மாண்டனர். 2012 ஏப்ரல் 11ஆம் திகதி சுமாத்திராவுக்கு அப்பால் 8.6 அளவினதான நடுக்கம் மீண்டும் நிகழ்ந்தபோது கரையோர மக்கள் உரிய வேளையில் மேட்டுநிலங்களுக்கு அனுப்பப்பட்டனர், பேரலை எழவில்லை.

பல்லேகலையோடு மகாகனதராவ, ஹக்மன, புத்தங்கல ஆகிய இடங்களிலும் புவிச்சரிதவியல் அளவை மற்றும் சுரங்கங்கள் பணியகத்தின் நிலையங்கள் அமைந்தன. ஒரு நடுக்கத்தின் மையத்தைக் கணிக்கக் குறைந்தது மூன்று நிலையங்களின் பதிவு வேண்டும். தொலைவிலுள்ள நடுக்கங்களுக்கு இவை போதும். திகனவில் எழுந்தவை போன்ற நுண்ணதிர்வுகளின் ஆழத்தைத் துல்லியமாகச் சொல்ல, அவ்வூர்களைச் சூழ நெருக்கமாக நாட்டப்பட்ட கருவிகள் வேண்டும். ஆழம் தெரிந்தாலன்றிச் சுண்ணக்கற் குழியா, நீர்த்தேக்கச் சுமையா, பழைய நிலப்பிளவா என்னும் வாதம் தீராது. பல்லேகலையின் பதிவுகள் உலகின் எப்பகுதியிலுள்ள ஆய்வாளரும் பெறக்கூடியனவாய் உள்ளன. 2020ஆம் ஆண்டின் அவ்விரவும் அவற்றுள் அடங்கும்.